750 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்., 3,000 ரூபாய் எஸ்.எம்.பி.எஸ்.: இரண்டிலும் 450 வாட் என்றுதானே எழுதியிருக்கிறது?

கேள்வி: தேவகோட்டை வாசகர் ஒருவர், 12.10.2024, மாலை 6.20

ஆயுத பூசைக்குக் கணினியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தோம். மறுநாள் காலையில் பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) போய்விட்டது, புதியது 450 வாட், 750 ரூபாய் என்றார்கள். நண்பர் ஒருவர் 3,000 ரூபாய்க்குக் குறைந்த எதையும் வாங்காதே என்கிறார். அதிலும் 450 வாட்தான். ஒரே அளவுள்ள பொருளுக்கு நான்கு மடங்கு விலை கொடுப்பது ஏமாளித்தனம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கட்டும்.

12.10.2024, இரவு 9.40

மறுக்கிறேன். விலைக்குப் போகும் முன் ஒன்று சொல்லுங்கள்: போனது எஸ்.எம்.பி.எஸ்.தான் என்று கடையில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் அது வெறும் ஊகம். காரைக்குடியில் 14 வருடமாக டி.டி.பி. தொழில் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மணிவிழா மலர், கும்பாபிஷேக அழைப்பு என்று நாள் முழுவதும் கணினி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது என்று என்னிடம் வந்த ஐந்து கணினிகளில் இரண்டில் அது நன்றாகவே இருந்தது. ஒன்றில் முன்பக்கப் பொத்தான் அழுத்தியபடியே உள்ளே சிக்கிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ரேம் (நினைவக அட்டை) சரியாக உட்காரவில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். பின்பக்கச் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். மதர்போர்டில் (கணினியின் முதன்மைப் பலகையில்) செருகியிருக்கும் 24 முனை இணைப்பில் பக்கவாட்டில் ஒரு கொக்கி இருக்கும். அதை அமுக்கிக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். மற்ற இணைப்புகளையும் எல்லாவற்றிலிருந்தும் கழற்றிவிடுங்கள். 24 கம்பிகளில் பச்சை ஒன்றே ஒன்றுதான், அதன் இரு பக்கமும் கறுப்பு. ஒரு ஜெம் கிளிப்பை வளைத்து, ஒரு நுனியைப் பச்சையிலும் மறு நுனியைப் பக்கத்துக் கறுப்பிலும் செருகுங்கள். கையை எடுத்துவிட்டு, அதன் பிறகு மின்சாரத்தைப் போடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மின்விசிறி சுற்ற வேண்டும். மதர்போர்டு அதை எழுப்புவது இந்தப் பச்சைக் கம்பி வழியாகத்தான். கறுப்போடு சேர்க்கும்போது அந்த வேலையை நாமே செய்கிறோம்.

மல்டிமீட்டர் இருந்தால் 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியில் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். நூற்றுக்கு 5 கூடலாம், 5 குறையலாம். அதாவது மஞ்சள் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை. ஊதாக் கம்பியை மறந்துவிடாதீர்கள். கணினி அணைந்திருந்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும்வரை அதில் 5 வோல்ட் இருந்தே தீர வேண்டும். ஊதாவில் ஒன்றும் இல்லையென்றால் கடைக்காரர் சொன்னது சரி.

12.10.2024, இரவு 10.05

ஒன்றை விட்டுவிட்டேன். பழைய எஸ்.எம்.பி.எஸ். என்றால் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்புச் சுவிட்சு இருக்கும். துடைக்கும்போது துணி பட்டு அது 115 பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 230. அந்தச் சுவிட்சு 115இல் இருக்கும்போது மின்சாரம் போட்டால் வெடிச்சத்தத்தோடு போய்விடும். ஆயுத பூசைக்கு மறுநாள் என்று நீங்கள் எழுதியதால்தான் இந்தச் சந்தேகம்.

13.10.2024, காலை 7.15

ஊதாவும் இல்லை, விசிறியும் சுற்றவில்லை என்று பதில் வந்திருக்கிறது. சிவப்புச் சுவிட்சே இல்லையாம். ஆக, போனது எஸ்.எம்.பி.எஸ்.தான். இனி விலைக்கு வருவோம்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 450ஐப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு லேபிளில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய கணினியில் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, விசிறிகள் எல்லாமே பசியாறுவது 12 வோல்ட்டில்தான். என்னிடம் கிடக்கும் பழைய மலிவுப் பெட்டியில் அந்தக் கட்டத்தில் 14 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட். இப்போது என் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் 36 ஆம்பியர். 432 வாட். இரண்டின் நெற்றியிலும் 450 என்றுதான் இருக்கிறது.

நீங்கள் "ஒரே அளவுள்ள பொருள்" என்று எழுதியது இந்த இடத்தில்தான் பிசகுகிறது.

இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். மலிவானது தகர டப்பா மாதிரி இருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சிறியது, வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு மெல்லியது, உள்ளே வரும் மின்சாரத்தை வடிகட்டும் சுருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டுதான் இருக்கும். எடை நிச்சயமான சோதனை இல்லைதான். ஆனால் காய்கறிக் கடையில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்ப்பதுபோல, வாங்கும் முன் ஒரு முறை தூக்கிப் பாருங்கள்.

13.10.2024, இரவு 10.30

"அலுவலகக் கணினிக்கு 168 வாட் போதாதா?" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 65 வாட் பிராசஸர், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, ஒரு வன்தட்டு, இரண்டு விசிறி. இது உச்சத்தில்கூடப் பெரும்பாலும் 120 வாட்டைத் தாண்டாது. கணக்குப்படி போதும்.

கணக்குப்படி எனக்கும் போதுமானதாகத்தான் இருந்தது. 2022 ஆவணி. முகூர்த்தங்கள் நெருக்கி வரும் மாதம். பழையது நின்றுவிட்டது, இரண்டு நாளில் கொடுக்க வேண்டிய பத்திரிகைகள் நான்கு. அவசரத்தில் கிடைத்ததை வாங்கி மாட்டினேன். ஐந்து வாரம் ஓடியது. ஒரு மாலை சுடுபிளாஸ்டிக் வாடை வந்தது, திரை இருண்டது. எஸ்.எம்.பி.எஸ். போனால் போகிறது என்று வேறொன்றை மாட்டினேன். கணினி எழுந்தது, வன்தட்டு எழவில்லை. சாகும்போது அந்தப் பெட்டி 5 வோல்ட் பாதையில் கூடுதலாக எதையோ அனுப்பிவிட்டுத்தான் போயிருக்கிறது. மின்னழுத்தம் ஏறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புச் சுற்று நல்ல பெட்டியில் இருக்கும். அதில் இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை.

அந்த வன்தட்டில் ஒரு மணிவிழா மலருக்காக ஸ்கேன் செய்த 80 புகைப்படங்கள் இருந்தன. ரங்கூனில் எடுத்தவை, பினாங்கில் எடுத்தவை, ஓரம் அரித்த பழைய படங்கள். மூலப் படங்களை அந்தக் குடும்பம் திரும்ப வாங்கிக்கொண்டு கோலாலம்பூர் போய்விட்டது. தொலைபேசியில் அவர்களிடம் அதைச் சொன்ன ஐந்து நிமிடத்தை இன்னும் மறக்கவில்லை. அவர்கள் அங்கேயே மறுபடி ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். நான்கு படங்கள் அதற்குள் எங்கோ கைமாறிப் போயிருந்தன. 750க்கும் 3,000க்கும் உள்ள வித்தியாசத்தை நான் அளப்பது அந்த நான்கு படங்களால்தான்.

16.10.2024, பிற்பகல் 2.10

பள்ளத்தூரிலிருந்து ஒருவர்: ஜெம் கிளிப் வைத்ததும் விசிறி சுற்றுகிறது, மஞ்சளில் 12.1 வருகிறது, ஆனாலும் கணினி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக அணைந்து எழுகிறது, அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ். நல்லதுதானே என்கிறார்.

12ஆம் தேதி எழுதியதில் திருத்தம் தேவைப்படுகிறது. கிளிப் சோதனை, செத்ததைச் செத்தது என்று சொல்லும். உயிரோடு இருப்பது நல்ல உடம்போடு இருக்கிறதா என்று சொல்லாது. சுமையே இல்லாமல் 12.1 காட்டும் பெட்டி, பிராசஸர் வேலை செய்யத் தொடங்கியதும் 11.2க்கு இறங்கலாம். ஆகவே எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கணினி ஓடும்போதே, மீதமிருக்கும் நான்கு முனை இணைப்பு ஒன்றின் மஞ்சளில் அளந்து பாருங்கள். பெரிய படம் ஒன்றைத் திறந்து வேலை கொடுத்துவிட்டு மறுபடியும் அளங்கள். முனை நழுவி மஞ்சளும் கறுப்பும் தொட்டுக்கொள்ளாமல் கவனம்.

மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை மட்டும்தான். அந்த 12க்கு மேலும் கீழும் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும் சிற்றலையை அது காட்டாது. மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் மின்தேக்கிகள் வற்றிப்போன பெட்டியில் அளவு சரியாக இருந்தும் கணினி தடுமாறுவது அதனால்தான். பக்கத்து வீட்டில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் ஒரு நாள் இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பது எந்த மீட்டரையும்விட மேல்.

20.10.2024, காலை 11.00

விலை கூடினால் எல்லாவற்றிலும் மேல் என்று நான் எழுதியதுபோல ஒருவர் படித்திருக்கிறார். அப்படி இல்லை. நானே பட்டது: 3,000 ரூபாய்ப் பெட்டியை மாட்டிய முதல் வாரம், மின்சாரம் நின்றதும் யு.பி.எஸ். கீச்சிட்டது, கணினி அணைந்துவிட்டது. பழைய மலிவுப் பெட்டி இருந்தபோது இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன்.

பிறகுதான் காரணம் விளங்கியது. நல்ல பெட்டிகளில் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற சுற்று இருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை அலையின் வடிவத்துக்கு இணங்க இழுத்து, உள்ளே சுமார் 380, 400 வோல்ட் டி.சி.யாக ஏற்றி வைத்துக்கொள்கிறது. நாம் மேசைக்கடியில் வைத்திருக்கும் சாதாரண யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும்போது வளைவான அலையைத் தராது, படிக்கட்டு போன்ற அலையைத்தான் தரும். சில பி.எஃப்.சி. பெட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. மாறும் கணத்தில் ஒரேயடியாக இழுக்கின்றன, சிறிய யு.பி.எஸ். தாங்காமல் கைவிட்டுவிடுகிறது. மின்சாரம் அறுந்தபின் எஸ்.எம்.பி.எஸ். தன் சேமிப்பில் தாக்குப்பிடிப்பது 16, 17 மில்லி நொடிதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓர் அலைக்கு 20 மில்லி நொடி. அதற்குள் யு.பி.எஸ். கைகொடுத்தாக வேண்டும்.

600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸைத் தூக்கிவிட்டு, தூய சைன் அலை தரும் இன்வெர்ட்டரில் இணைத்தேன். அதற்குப் பின் தொல்லை இல்லை. எனவே, தேவகோட்டைக்காரரே, உங்கள் வீட்டு யு.பி.எஸ். எந்த வகை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். செலவை இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

பி.எஃப்.சி.க்கு ஆதரவாகவும் ஒன்று. அந்த வகைகளில் பலவற்றின் லேபிளில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருக்கும். மாலையில் பம்புசெட்டுகள் ஓடும்போது எங்கள் பக்கத்துக் கிராமங்களில் 170க்கு இறங்குவது உண்டு. அந்த நேரத்தில் 200 முதல் 240 வரை என்று எழுதிய பெட்டி திணறும், இது திணறாது.

27.10.2024, இரவு 9.00

இன்று கானாடுகாத்தான் போயிருந்தேன். நான் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் வீடு ஒன்று. முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் நடந்தால் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்கு வந்துவிடலாம், அவ்வளவு நீளம். ஆச்சி தனியாக இருக்கிறார். பேரப்பிள்ளைகளிடம் முகம் பார்த்துப் பேசவும் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் புள்ளிக் கணக்கு எழுதவும் ஒரு கணினி. ஒரே வருடத்தில் இரண்டு எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது. இரண்டும் நல்லவை. இரண்டாவது, நான் சொல்லி வாங்கியது. அதனால்தான் நேரில் போனேன்.

"தம்பி, எங்க ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த சுவர்க்கடிகாரம் இன்னும் மணி அடிக்கிறது. இது ஆறு மாதம் தாங்கவில்லையே" என்றார். எனக்குப் பதில் இல்லை.

மூன்றாவது பெட்டியை மாட்டி இயக்கினேன். செருப்பை முகப்பிலேயே விட்டிருந்தேன். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நின்றபடி கணினியின் பின்பக்கத் தகரத்தைத் தொட்டேன். புறங்கையில் சிற்றெறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு. விரலை மெல்ல இழுத்தால் தகரம் சொரசொரப்பாக இருப்பதுபோல் தோன்றியது, அணைத்துவிட்டுத் தடவினால் வழவழப்பு. டெஸ்டரை வைத்தேன். அதன் சிறு விளக்கு மங்கலாகச் சிவந்தது.

சுவரில் மூன்று துளை சாக்கெட்தான். மெயினை அணைக்கச் சொல்லி, இரண்டு திருகைக் கழற்றி முன்னால் இழுத்தேன். மேல் துளைக்குப் பின்னால் இருக்கும் பித்தளைத் திருகு கடையிலிருந்து வந்த அன்றைக்கு இருந்த பளபளப்போடு இருந்தது. அதில் எந்தக் காலத்திலும் ஒரு கம்பியை யாரும் மாட்டவில்லை. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய வயரிங், இரண்டு கம்பி மட்டும். தேக்குத் தூணும் சுண்ணாம்புப் பூச்சும் அப்படியே இருக்க வேண்டும் என்று சுவரைத் தொடாமல் சாக்கெட்டை மட்டும் புதிதாக மாற்றியிருக்கிறார்கள்.

எர்த் இல்லை. இரண்டு பெட்டி போனதற்குக் காரணம் அதுதான்.

28.10.2024, காலை 6.45

அந்தக் குறுகுறுப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் நுழைவாயிலிலேயே இரண்டு சிறிய மின்தேக்கிகள் இருக்கும். ஒன்று ஃபேஸுக்கும் தகரத்துக்கும் நடுவில், மற்றொன்று நியூட்ரலுக்கும் தகரத்துக்கும் நடுவில். இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் அந்த இரண்டும் 230ஐப் பாதியாகப் பங்கிட்டு, சுமார் 115 வோல்ட்டைத் தகரத்தில் நிறுத்திவிடுகின்றன. பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைத் தூக்கி அடிப்பதில்லை. அதனால்தான் பல வீடுகளில் வருடக்கணக்கில் "கணினி என்றால் இப்படித்தான் லேசாகக் கடிக்கும்" என்று பழகிவிடுகிறார்கள். கடிக்கக் கூடாது. பெட்டிக்குள் ஃபேஸ் கம்பி நழுவித் தகரத்தைத் தொடும் நாளில், ஃபியூஸைப் போக்க வேண்டிய மின்சாரத்துக்குத் தொடுகிறவரின் உடம்பைத் தவிர வேறு வழி இருக்காது.

எர்த் துளையை நியூட்ரலோடு ஒரு சிறு கம்பியால் இணைத்துக் கணக்கை முடிக்கும் எலெக்ட்ரீஷியன்கள் உண்டு. குறுகுறுப்பு நின்றுவிடும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் தகரம் முழுவதும் 230 ஏறிவிடும். யார் வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

3.11.2024, மாலை 5.30

27ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரி தவறு. எர்த் இல்லாதது ஆச்சிக்கு ஆபத்து. ஆனால் பெட்டிகளைக் கொன்றது அது இல்லை. எர்த் இல்லாமலும் எஸ்.எம்.பி.எஸ். வருடக்கணக்கில் ஓடும்.

செத்த இரண்டையும் காரைக்குடியில் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்து எதிரிலேயே பிரிக்கச் சொன்னேன். இரண்டிலும் ஒரே காட்சி. கண்ணாடி ஃபியூஸின் உட்புறம் கண்ணாடிக்கு ரசம் பூசியதுபோல் கறுத்திருந்தது. மெல்லிய கம்பி அமைதியாக அறுந்தால் இப்படி ஆகாது. பெரிய ஷார்ட் நேர்ந்தால்தான் உலோகம் ஆவியாகி இப்படி அப்பும். அதன் பக்கத்தில் வேரிஸ்டர், பத்து பைசா அளவு வட்டு, இரண்டாகப் பிளந்து கரியாகியிருந்தது. மின்னழுத்தம் எல்லை மீறினால் தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பது அது. ஆக, அந்த வீட்டுக்குள் 230ஐவிட மிக அதிகமாக ஏதோ வந்திருக்கிறது, இரண்டு முறை.

தீபாவளி முடிந்து இன்று எலெக்ட்ரீஷியனையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆச்சியிடம் விளக்குகளைப் பற்றிக் கேட்டேன். "கிணற்று மோட்டார் போட்டால் சமையற்கட்டு விளக்கு மங்கும், கணினி இருக்கிற அறை விளக்கு பளிச்சென்று ஆகும். அது ரொம்ப நாளாக அப்படித்தான்" என்றார். எலெக்ட்ரீஷியன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடு. கணினி அறை ஒரு ஃபேஸில், சமையற்கட்டும் மோட்டாரும் இன்னொன்றில். மோட்டாரைப் போடச் சொல்லி அளந்தோம். சமையற்கட்டில் 168, கணினி சாக்கெட்டில் 274. மெயின் போர்டைத் திறந்தார். எல்லா நியூட்ரல் கம்பிகளும் வந்து சேரும் பித்தளைத் திருகு தளர்ந்து, சுற்றிலும் பழுப்பேறி, கம்பியின் உறை பொரிந்துபோயிருந்தது. நியூட்ரல் உறுதியாக இருக்கும்வரைதான் ஒவ்வொரு ஃபேஸும் தன் 230ஓடு அடங்கி இருக்கும். அது நழுவினால் இரண்டு ஃபேஸ்களின் சுமைகள் தமக்குள் இருக்கும் 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். அதிகம் இழுக்கும் பக்கம் இறங்கும், சும்மா இருக்கும் பக்கம் ஏறும். கணினி மட்டும் ஓடும் அறைக்கு அந்தப் பெரிய பங்கு வந்திருக்கிறது.

மெயினை அணைத்து, கருகிய முனையை வெட்டி, புதிய இணைப்பில் முறுக்கி இறுக்கினார். மறுபடி மோட்டார் போட்டோம். 226, 233. விளக்குகள் அசையவில்லை. ஆச்சி இரண்டு அறைக்கும் மாறி மாறி நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாவது பெட்டி ஒரு வாரம் அங்கே உயிரோடு இருந்தது, அந்த வாரம் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்து மோட்டார் அதிகம் ஓடாததால்தான்.

10.11.2024, இரவு 8.20

எர்த் வேலையும் முடிந்தது. பின்கட்டில் கிணற்றடிக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்துத் தோண்டினார்கள். மேலே செம்மண், மூன்றடிக்குக் கீழே செம்புராங்கல். கடப்பாரை நங்கென்று தெறித்தது. ஒரு முழு நாள் ஆகிவிட்டது. எட்டடி ஜி.ஐ. குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய். கணினி அறை வரை பச்சை உறைக் கம்பி, தேக்குச் சட்டத்தை உடைக்காமல் அதன் மேல் விளிம்போடு ஓட்டினார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துக் காட்டினார். முழு வெளிச்சம். பிறகு, மின்சாரம் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினார். பல்பு சோதனையை நீங்கள் செய்யாதீர்கள், அது அவருடைய தொழில்.

தகரத்தைத் தொட்டேன். ஒன்றும் இல்லை.

24.11.2024, காலை 10.15

மழை. வேலை இல்லை. மின்தேக்கிகள் ஏன் வற்றுகின்றன என்ற கேள்விக்கு நிதானமாக எழுதுகிறேன்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் உருளை உருளையாக நிற்பவை எலெக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிகள். அலுமினியத் தாளின் மேல் மின்வேதியியல் முறையில் வளர்த்த ஆக்சைடு படலம், அதோடு ஒட்டி நனைந்த காகிதம். அந்த ஈரம் காய்ந்தால் ஆயுள் முடிந்தது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி, 10 குறைந்தால் இரண்டு மடங்கு என்பது இதற்கான கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று எழுதியிருப்பது, உள்ளே 65 டிகிரி இருந்தால் 32,000 மணி நேரம் வரும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 9 வருடம். விசிறியில் தூசு அடைத்து 75 ஆகிவிட்டால் அதுவே நாலரை வருடம். 85 டிகிரி என்று எழுதிய மின்தேக்கியைப் போடும் மலிவுப் பெட்டிக்கு என்ன ஆகும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். எங்கள் சித்திரை வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்று எனக்கு ஒரு பெருமை. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டியது இந்தக் காரைக்குடியில்தான். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். 1953 ஜனவரி 14இல் திறந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அங்கே கூட்டிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு தகடு மெல்ல நிறம் மாறியது மட்டும் நினைவிருக்கிறது.

உப்பிய தலையுள்ள மின்தேக்கியை மாற்றினால் பிழைக்கும் என்று எழுதியவருக்கு: பிழைக்கலாம், கைதேர்ந்தவர் செய்தால். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய உருளையில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். ஆர்வத்தில் திறக்க வேண்டாம்.

8.12.2024, இரவு 9.50

இரண்டு எச்சரிக்கைகள்.

கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் பெட்டி வாங்கினால், பழைய பெட்டியின் கேபிள்களைப் புதியதில் செருகாதீர்கள். செருகினால் உள்ளே போகும், அதுதான் ஆபத்து. கணினிப் பக்கத்து முனை எல்லாருக்கும் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனையில் எந்தக் கம்பி எங்கே என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய் வன்தட்டு எரிந்துவிடும்.

அலுவலகங்களிலிருந்து கழித்து விற்கும் சிறிய கணினிகள் பலவற்றில் மதர்போர்டு இணைப்பு 24 முனையாக இருக்காது, பெட்டியின் அளவும் வேறு. கழற்றிப் பார்க்காமல் கடைக்குப் போனால் இரண்டு நடை.

கோல்டு முத்திரை (மின்சாரத்தை வீணாக்காத திறனுக்குத் தரும் தரம்) வாங்கட்டுமா, பிரான்ஸ் (வெண்கல) முத்திரை போதுமா என்று கேட்டவருக்கு: பாதிச் சுமையில் பிரான்ஸ் நூற்றுக்கு 85, கோல்டு 90. இவை 115 வோல்ட்டில் அளந்த எண்கள். 100 வாட் கேட்கும் கணினிக்குச் சுவரிலிருந்து இழுப்பது முன்னதில் 118 வாட், பின்னதில் 111. நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு 24 யூனிட் மிச்சம். டி.டி.பி. வேலைக்குப் பிரான்ஸ் போதும். 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்குக் குறையாமல், உத்தரவாதம் ஐந்து வருடம் இருப்பதாகப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு போடுகிறவர்கள் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். ஆறு முனை இணைப்பு என்றால் 75 வாட், எட்டு முனை என்றால் 150, மதர்போர்டு வழியாக 75.

19.1.2025, மாலை 4.00

தேவகோட்டைக்காரர் 2,900 ரூபாயில் ஒரு பிரான்ஸ் பெட்டி வாங்கியிருக்கிறார். சாக்கெட்டைத் திறந்து பார்த்தாராம், எர்த் கம்பி இருக்கிறதாம். மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1.4 வோல்ட். நல்ல எண்.

செத்ததைக் குப்பையில் போடாதீர்கள். ஈயம் இருக்கலாம். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டியது அது. நான் அப்படி ஒருவரிடம் கொடுக்கச் சேர்த்து வைக்கிறேன். தேவகோட்டையிலிருந்து இந்தப் பக்கம் வந்தால் கொண்டுவாருங்கள்.

20.4.2025, காலை 8.30

ஆச்சி தொலைபேசியில் அழைத்தார். கணினியைத் தொட்டால் மறுபடி லேசாகக் குறுகுறுக்கிறது என்றார். ஒரு மாதமாக மழை இல்லை, கிணற்றடியும் காய்ந்துவிட்டதாம். எர்த் குழியின் வாயில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். மாலையில் மறுபடி அழைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். குறுகுறுப்பு நிற்காவிட்டால் எர்த் கம்பி எங்காவது விட்டுப்போயிருக்க வேண்டும், எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

20.4.2025, இரவு 7.10

நின்றுவிட்டது. வாரம் ஒரு குடம் ஊற்றிவிடுகிறேன் என்றார்.